எபிஸ்கோப்பல் சபையில் சேரப் போகிறவர்களுக்கு: செப்டம்பர் முதல் அட்வென்ட் (கிறிஸ்துமஸுக்கு முந்திய ஆயத்தக் காலம்) வரை

அமெரிக்காவுக்கு வந்து வீடு, கார், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் எல்லாம் அமைந்த பிறகு "ஞாயிற்றுக்கிழமை எந்தச் சபைக்குப் போவது?" என்று கேட்கும் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பங்களுக்காக இந்த இழை. இலங்கைத் திருச்சபையிலிருந்து வந்தவர்களுக்கும் இது அப்படியே பொருந்தும். பக்கத்தில் தமிழ்ச் சபை இல்லாத ஊரில் நம் ஆராதனை ஒழுங்குக்கு மிக நெருக்கமாக இருப்பது எபிஸ்கோப்பல் சபை. சி.எஸ்.ஐ.யும் அதுவும், இங்கிலாந்துத் திருச்சபையோடு தொடர்புள்ள சபைகளின் உலகக் குடும்பமான ஆங்கிலிக்கன் ஐக்கியத்தில் உறுப்புச் சபைகள். அதனால் நீங்கள் மதம் மாறுவதுமில்லை, சபையை விட்டு ஓடுவதுமில்லை.

அடையாளம் எளிது. சாலையோரப் பலகையில் ஒரு கேடயம் இருக்கும்: வெள்ளைப் பரப்பில் சிவப்புச் சிலுவை, மேல் மூலையில் நீலக் கட்டம், அதற்குள் ஒன்பது குட்டிச் சிலுவைகள். 1789-ல் கூடிய முதல் ஒன்பது பேராயங்களுக்காக, அதாவது பல சபைகள் சேர்ந்த வட்டாரங்களுக்காக, அவை. பெயரில் "ஆங்கிலிக்கன்" என்று மட்டும் இருந்து இந்தக் கேடயம் இல்லையென்றால், அது 2009-ல் தனியாக உருவான அமைப்பைச் சேர்ந்ததாக இருக்கலாம். உள்ளே போகுமுன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

இந்த இழையில் முக்கியமாகச் சொல்ல வருவது, சேர்வதற்குச் சரியான காலம் இலையுதிர்காலம் என்பதுதான். ஜூலையில் போய்ப் பார்த்துவிட்டு "ஆளே இல்லை, பாட்டும் இல்லை" என்று முடிவுகட்டாதீர்கள். கோடையில் பெரும்பாலான சபைகளில் ஆராதனை ஒன்றாகச் சுருங்கும், பாடகர் குழுவுக்கும் ஞாயிறு பள்ளிக்கும் விடுமுறை. செப்டம்பர் முதல் திங்கள் லேபர் டே. அதற்கு அடுத்த ஞாயிறு அல்லது அதற்கும் அடுத்த ஞாயிறு எல்லாம் ஒரே நாளில் திறக்கும். காலை எட்டு மணிக்குப் பாட்டில்லாத அமைதியான ஆராதனை, பத்து அல்லது பத்தரைக்குப் பாடகர் குழுவோடு பெரிய ஆராதனை என்பது வழக்கமான அமைப்பு. அன்று ஹாலில் மேசை போட்டு ஒவ்வொரு ஊழியத்துக்கும் பெயர் எழுதுவார்கள்: வேதவாசகம், பீடப் பணி, பாடகர் குழு, காபி. அந்தத் தாளில் பெயர் எழுதாதவர்கள் பல மாதம் கடைசி பெஞ்சில் விருந்தாளியாகவே உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களை யாரும் ஒதுக்குவதில்லை. இங்கே யாரும் வற்புறுத்திக் கூப்பிடமாட்டார்கள், அவ்வளவுதான். நாமாகக் கை நீட்ட வேண்டும்.

காகிதங்கள்: ஞானஸ்நான அத்தாட்சியும் திடப்படுத்தல் (கன்ஃபர்மேஷன்) அத்தாட்சியும் நகல் எடுத்து வையுங்கள். ஊர் ஆயரிடம் சபை மாறுதல் கடிதம் ஆங்கிலத்தில், சபை முத்திரையோடு கேளுங்கள். ஊரை விட்டுப் புறப்படும்போதே வாங்கிவிட்டால் நல்லது. பிறகு வாங்க மாதக்கணக்கில் ஆகும், ஆயரும் மாறிப்போயிருப்பார். ஞானஸ்நானம் மறுபடி கொடுக்கமாட்டார்கள். பேராயர் கைவைத்துத் திடப்படுத்தியிருந்தால் அதையும் மறுபடி செய்யமாட்டார்கள்.

ஆராதனையில் தடுமாறும் இடங்கள். பெஞ்சில் இரண்டு புத்தகம் இருக்கும், ஒன்று ஜெபபுத்தகம், மற்றது பாட்டுப் புத்தகம். திருவிருந்து ஒழுங்கு இரண்டு வகை. பழைய ஆங்கில நடையில் உள்ளது 323-ஆம் பக்கம், இன்றைய நடை 355-ஆம் பக்கம். பத்தரை மணி ஆராதனை பெரும்பாலும் 355. விசுவாசப் பிரமாணம் 358, பாவ அறிக்கையும் சமாதானமும் 360, கர்த்தருடைய ஜெபம் 364. பாட்டுப் பலகையில் எண்ணுக்கு முன் "எஸ்" என்ற எழுத்து இருந்தால் அது புத்தகத்தின் முன்பகுதியில் உள்ள ஆராதனை இசை. பாட்டு எண்களுக்குள் தேடினால் கிடைக்காது.

சமாதானம் பகிரும்போது நம் ஊரில் கைக்குள் கை வைத்துக் கொடுப்போம். இங்கே கைகுலுக்கல், அணைப்பு, பாதி கோவிலைச் சுற்றி வருவது என்று ஐந்து நிமிடம் ஆகும். மிரள வேண்டாம். சபை மக்கள் ஒருவருக்கொருவர் சமாதானம் கொடுக்கும் பழக்கத்தை ஆராதனைக்குள் திரும்பக் கொண்டுவந்ததில் 1950-ல் வந்த சி.எஸ்.ஐ. திருவிருந்து ஒழுங்குக்குப் பெரிய பங்கு உண்டு. அதாவது அது நம் வீட்டுப் பொருள்.

திருவிருந்துக்கு வலது உள்ளங்கையை இடது கைமேல் வைத்து நீட்டுங்கள். திராட்சரசப் பாத்திரம் வரும்போது அடியைப் பிடித்துச் சாய்க்க உதவுங்கள். வேண்டாமென்றால் அப்பம் மட்டும் போதும், அதுவே முழுத் திருவிருந்து. கைகளை மார்பில் குறுக்காகக் கட்டினால் ஆசீர்வாதம் மட்டும் கொடுப்பார்கள். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களுக்குத் தனி அப்பம் உண்டு, முன்பே சொல்லிவைக்க வேண்டும். பிள்ளைகள் விஷயத்தில்தான் நம் குடும்பங்கள் பீடத்தருகே திகைத்து நிற்கின்றன. திடப்படுத்தலுக்குப் பிறகே திருவிருந்து என்று வளர்ந்தவர்கள் நாம். இங்கே ஞானஸ்நானம் பெற்ற குழந்தை எந்த வயதிலும் வாங்கலாம், கை நீட்டினால் குருவானவர் கொடுத்துவிடுவார். கொடுக்கலாமா வேண்டாமா என்பதை வீட்டிலேயே பேசி முடிவெடுத்துக்கொண்டு போங்கள்.

அக்டோபர். 4-ஆம் தேதி அசிசி பிரான்சிஸ் நாள், 2026-ல் அது ஞாயிறாகவே வருகிறது. அதை ஒட்டி விலங்குகளுக்கு ஆசீர்வாதம் நடக்கும். நாய்க்குக் கயிறு, பூனைக்கு மூடிய கூடை கட்டாயம். வீட்டில் பிராணி இல்லாத பிள்ளைகள் பொம்மை நாயைக் கொண்டு போகலாம், அதற்கும் அதே ஆசீர்வாதம்தான். முடி ஒவ்வாமை உள்ளவர்கள் அன்று புல்வெளியில் நடக்கும் ஆராதனை இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள்.

அதே மாதம் வீட்டுக்கு ஒரு அட்டை வரும். வரும் ஆண்டு முழுவதும் எவ்வளவு காணிக்கை கொடுக்க உத்தேசம் என்று கேட்டிருக்கும். நம் ஊர் மாதச் சந்தாவைப் போல என்று நினைத்துக்கொள்ளலாம், ஆனால் தொகையை நீங்களே வைக்கிறீர்கள். வாரம் 25 டாலர் என்றால் ஆண்டுக்கு 1,300. இதை வைத்துத்தான் சபைக் கமிட்டி, அதாவது வெஸ்ட்ரி, அடுத்த ஆண்டு வரவுசெலவு போடுகிறது. குருவானவர் சம்பளம், ஹீட்டர் செலவு, பேராயத்துக்குக் கட்ட வேண்டிய பங்கு எல்லாம் அதிலிருந்துதான். தொகை கணக்கருக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்பதே பொது வழக்கம். ஊரில் போல ஆண்டறிக்கையில் பெயர் போட்டு அச்சடிக்கமாட்டார்கள். வேலை போனால் ஒரு வரி எழுதிக் குறைத்துக்கொள்ளலாம். பலர் தட்டில் ரொக்கமாகப் போட்டுவிட்டு அட்டையைத் திருப்பித் தருவதில்லை. ரொக்கத்தில் உங்கள் பெயர் இல்லை, எனவே சபைப் பதிவிலும் நீங்கள் இல்லை. வரிக்குக் காட்டுவதானால் ஒரே தடவையில் 250 டாலர் அல்லது அதற்கு மேல் கொடுத்ததற்குச் சபையின் எழுத்துச் சான்று வேண்டும். உறையோ காசோலையோ இணையவழியோ, பெயர் பதியும் வழியில் கொடுங்கள்.

நவம்பர் முதல் ஞாயிறு சகல பரிசுத்தவான்கள் திருநாள் ஆராதனை. அதே அதிகாலை 2 மணிக்குக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள். கைபேசி தானாக மாறிவிடும், சுவர்க் கடிகாரத்தையும் பழைய காரின் கடிகாரத்தையும் நம்புகிறவர்கள் பூட்டிய கதவுக்கு முன்னால் குளிரில் நிற்பார்கள். ஆண்டில் மறைந்தவர்களின் பெயர்களை அன்று வாசிப்பார்கள், ஊரில் இறந்த நம் சொந்தங்களின் பெயரையும் கொடுக்கலாம். அக்டோபர் பாதியிலேயே பெயர் கேட்கத் தொடங்குவார்கள். எப்படி எழுதிக் கொடுக்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். இனிஷியல் போட்டால் அதை மட்டும் தெளிவாகப் படித்துவிட்டு மீதியில் சிக்கிக்கொள்வார்கள். "ஞானசெல்வம்" ஆங்கிலத்தில் ஜி, என் என்று தொடங்கினால் வாசிப்பவர் அங்கேயே நின்றுவிடுவார். அதனால் பக்கத்தில் ஒலிப்படி அசை அசையாகப் பிரித்து, நடுவில் கோடு போட்டு எழுதுங்கள். ஆராதனைக்கு முன் வாசிப்பவரைத் தேடிப்போய் ஒருமுறை சொல்லிக் காட்டுங்கள். அம்மாவின் பெயர் அந்தக் கோவிலில் சரியாக ஒலிப்பது சின்ன விஷயமல்ல.

குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கவும் இது சிறப்பான நாள். தவறினால் அடுத்தது ஜனவரியில் கர்த்தரின் ஞானஸ்நானத் திருநாள், பிறகு ஈஸ்டருக்கு முந்திய இரவு, பெந்தெகொஸ்தே. தாத்தா பாட்டிக்கு டிக்கெட் போடுமுன் குருவானவரிடம் தேதி கேளுங்கள். ஞானப்பெற்றோரில் குறைந்தது ஒருவர் ஞானஸ்நானம் பெற்றவராக இருக்க வேண்டும்.

பதில்:

அண்ணா, எல்லாம் நன்றாகச் சொல்லியிருக்கிறீர்கள். காபியை மட்டும் நான் சேர்க்கிறேன், புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் கிடைக்கும் பொறுப்பு அதுதான். ஆராதனை முடிந்ததும் ஹாலில் எல்லாருக்கும் காபி. 60 கப் பாத்திரம் கொதித்து இறங்க ஒரு மணி நேரம் ஆகும், ஆகவே ஆராதனை தொடங்குவதற்கு முன்பே ஆன் செய்துவிட வேண்டும். பச்சைத் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். சீக்கிரம் ஆகட்டும் என்று வெந்நீர் ஊற்றினால் சூடு ஏறிவிட்டது என்று பாத்திரம் நினைத்து முன்னதாகவே நின்றுவிடும், வடிவது வெளிறிய தண்ணீர். நம் பில்டர் காபிப் பொடி போடாதீர்கள், அது நைசு. ஓட்டை வழியே இறங்கிக் குழாயை அடைக்கும். கொரகொரப்பாக அரைத்த பொடிதான் சரி. கஃபீன் நீக்கிய காபி இன்னொரு பாத்திரத்தில் கேட்பார்கள். இரண்டுக்கும் சீட்டு ஒட்டுங்கள்.

பலகாரம் கொண்டு போனால் 40 பேருக்கு 60 சின்ன வடை தாராளம், மற்றவர்களும் கொண்டுவருவார்கள். முந்திரி, நிலக்கடலை, எள், பால் எது இருந்தாலும் சீட்டில் எழுதி முன்னால் வையுங்கள். சட்னியில் அரைத்த கடலை கண்ணுக்குத் தெரியாது, அதுதான் ஆபத்து. சூடான உணவு 140 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்கி இரண்டு மணி நேரத்துக்கு மேல் மேசையில் இருக்கக் கூடாது. தயிர்சாதம் வேண்டுமானால் கடைசியில் குளிர்பெட்டியிலிருந்து எடுங்கள்.

கேள்வி:

அக்கா, செருப்பைக் கழற்ற வேண்டுமா? முக்காடு? குருவானவரை எப்படிக் கூப்பிடுவது?

பதில்:

செருப்பு காலிலேயே இருக்கட்டும் தம்பி. முக்காடு விருப்பம், ஆணும் பெண்ணும் சேர்ந்தே உட்காருவார்கள். சேலை தாராளமாகக் கட்டலாம், ஆனால் நவம்பரில் உள்ளே கம்பளி தேவை, பழைய கற்கோவில்கள் சூடேற நேரமாகும். குருவானவர் ஆணானால் "ஃபாதர்", பெண்ணானால் "மதர்" என்று சில சபைகளிலும், வெறும் பெயர் சொல்லி வேறு சபைகளிலும் கூப்பிடுவார்கள். முதல் நாளே "உங்களை எப்படி அழைக்கட்டும்?" என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல.

ஞாயிறு பள்ளியில் கற்றுக்கொடுக்க விருப்பமுள்ளவர்கள் ஆகஸ்டிலேயே சொல்லிவிடுங்கள். பின்னணிச் சோதனையும் பிள்ளைகள் பாதுகாப்புப் பயிற்சியும் முடியாமல் வகுப்புக்குள் விடமாட்டார்கள். ஊரில் எத்தனை ஆண்டு நடத்தியிருந்தாலும் விதி விதிதான். ஒரு பெரியவர் தனியாகப் பிள்ளைகளோடு இருக்கக் கூடாது, எப்போதும் இரண்டு பேர்.

கேள்வி:

விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகை உண்டா? ஏலம் உண்டா?

பதில்:

ஒரே நாளில் இல்லை, பிரித்துப் பிரித்து வரும். அக்டோபர், நவம்பரில் பஜார் நடக்கும். அங்கே பொருளுக்கு முன்னால் தாள் வைத்து, முந்தையவர் எழுதிய தொகைக்கு மேல் எழுதிப் போகும் மௌன ஏலம் உண்டு. கூவமாட்டார்கள், முடியும் நேரத்தில் தாளில் மிக அதிகத் தொகை எழுதியிருப்பவருக்கே பொருள். நன்றி செலுத்தும் பகுதி நவம்பர் நான்காம் வியாழன், தேங்க்ஸ்கிவிங். ஆராதனை புதன் மாலை அல்லது வியாழன் காலை இருக்கும், சுருக்கமாக முடியும். கனடாவில் இருப்பவர்களுக்கு இது அக்டோபர் இரண்டாம் திங்கள்.

படைப்பதற்கு வாழைத்தாரும் தேங்காயும் தேடி அலைய வேண்டாம். அங்கே சேர்ப்பது ஏழைகளின் சமையலறைக்கு. இழுத்துத் திறக்கும் டின்கள், பயறு வகை, டூனா மீன், நிலக்கடலை வெண்ணெய் என்று சீல் உடையாத பொருளாகக் கொடுங்கள். 20 பவுண்டு அரிசி மூட்டையை வாங்கி வீட்டில் பைகளில் பிரித்துக் கட்டினால் வாங்கமாட்டார்கள், உள்ளிருப்பது என்னவென்று சீட்டு இல்லாததால். சின்னப் பைகளாகவே வாங்குங்கள். தேதி கடந்ததை ஒருபோதும் கொடுக்காதீர்கள்.

கேள்வி:

நவம்பர் பாதி ஆகிவிட்டது. பிந்திவிட்டோமா?

பதில்:

இல்லை தங்கச்சி. நவம்பர் 30-க்கு மிக நெருங்கிய ஞாயிறு அட்வென்ட் முதல் ஞாயிறு, 2026-ல் நவம்பர் 29. அன்று சபை ஆண்டே புதிதாகத் தொடங்குகிறது. பச்சை வஸ்திரம் மாறி ஊதாவோ நீலமோ வரும். பிள்ளைகளோடு மெழுகுவர்த்தி வளையம் கட்டும் நாள் ஒன்று இருக்கும்: நான்கு வர்த்தி, பசுந்தழை, நடுவில் ஈரம் பிடிக்கும் பஞ்சு. பஞ்சை நனைக்க மறந்தால் இரண்டாம் வாரத்தில் தழை காய்ந்து தீப்பிடிக்கும் நிலைக்கு வரும், ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் விடுங்கள்.

கிறிஸ்துமஸ் நாடகத்துக்கும் இந்த வாரங்களில்தான் பிள்ளைகளைச் சேர்க்கிறார்கள். அலுவலகத்துக்கு இன்றே ஒரு மின்னஞ்சல் போடுங்கள். பிள்ளையின் பெயர், வயது, ஒத்திகைக்கு வர முடியாத சனிக்கிழமைகள், உயரம் எல்லாம் எழுதுங்கள். உயரத்தை அடி, அங்குலத்தில் கொடுங்கள், தேவதூதன் அங்கிகளை அந்த அளவில்தான் அடுக்கி வைத்திருப்பார்கள்.