‘டூ’வை எடுத்துவிட்டு ‘வெரி’ போட்டால் ஏன் தப்பு?

கேள்வி:
பத்தாம் வகுப்பு மாணவிக்குப் பயிற்சி. ‘தி பாக்ஸ் வாஸ் டூ ஹெவி ஃபார் ஹிம் டு லிஃப்ட்’: இதை ‘டூ’ (too) இல்லாமல் மாற்றி எழுத வேண்டும். ‘வெரி ஹெவி ஃபார் ஹிம் டு லிஃப்ட்’ என்று எழுதியிருக்கிறாள். ரெண்டுக்கும் ‘ரொம்ப’தானே அர்த்தம் என்கிறாள். என்ன சொல்லிப் புரியவைப்பது?

பதில் 1:
‘வெரி ஹெவி, பட் ஹி லிஃப்டட் இட்’ என்று சொல்லலாம். கனம்தான், ஆனாலும் தூக்கிவிட்டான். இந்த வாக்கியத்தில் ‘வெரி’ இருக்கும் இடத்தில் ‘டூ’ போட்டால் முட்டும். ‘தூக்க முடியாத அளவுக்குக் கனம்’ என்று தமிழில் சொல்லச் சொல்லுங்கள், அந்த ‘முடியாத’தான் ‘டூ’வுக்குள் ஒளிந்திருக்கிறது. ‘டூ’ போனால் அது வெளியே வந்தாக வேண்டும்:

‘தி பாக்ஸ் வாஸ் ஸோ ஹெவி தட் ஹி குட் நாட் லிஃப்ட் இட்.’

‘டூ’ இருந்த இடத்தில் ‘ஸோ’, உரிச்சொல்லுக்குப் பின் ‘தட்’. ‘ஃபார் ஹிம்’ எழுவாயாகி ‘ஹி’ ஆகும். ‘இஸ்’ என்றால் ‘கேன்னாட்’, ‘வாஸ்’ என்றால் ‘குட் நாட்’. பிள்ளைகள் பெரும்பாலும் கோட்டை விடுவது கடைசி ‘இட்’டில்தான். ‘டூ’ வாக்கியத்தில் அது பொதுவாக வராது, ‘ஸோ… தட்’டில் வந்தே ஆக வேண்டும்.

பதில் 2:
மேலே சொன்னது சரி. ஒரு பொறி மட்டும்: ‘ஷி இஸ் டூ க்ளெவர் நாட் டு சீ இட்’. இதில் ‘நாட்’ ஏற்கெனவே இருக்கிறது, இரண்டு எதிர்மறை சேர்ந்து உடன்பாடாகிவிடும். ‘ஸோ க்ளெவர் தட் ஷி கேன் சீ இட்’ என்று எழுத வேண்டும். ‘ஒன்லி டூ க்ளாட் டு ஹெல்ப்’ வேறு கதை. உதவ மிகவும் மகிழ்ச்சி என்றே பொருள், இந்தச் சூத்திரத்தை அதன்மேல் பிரயோகிக்காதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி சார். ‘டூ மச் பீப்பிள்’, ‘வெரி டூ ஹாட்’ என்றும் எழுதுகிறாள். ‘படம் டூ குட்’ என்று பாராட்டுகிறார்களே, அது?

பதில் 1:
எண்ணக்கூடியதற்கு ‘டூ மெனி பீப்பிள்’, எண்ணமுடியாததற்கு ‘டூ மச் வாட்டர்’. அழுத்தம் வேண்டுமானால் ‘மச் டூ ஹாட்’ அல்லது ‘ஃபார் (far) டூ ஹாட்’. ‘வெரி’ அங்கே ஒட்டாது. ‘எ டூ பிக் ஹவுஸ்’ என்றும் எழுதிவிடுவாள், பாருங்கள்: ‘டூ பிக் எ ஹவுஸ்’தான் சரி. ‘டூ குட்’ நம்மூர்ப் பேச்சு. அரட்டையில் இருக்கட்டும், விடைத்தாளில் ‘வெரி குட்’ போதும்.