மலையகத்தில் மூன்று வாரம், பஸ்ஸும் ரயிலும் மட்டும்: வழி சொல்லுங்கள்

காவிரிக்கரை (திருச்சி):

எல்லோருக்கும் வணக்கம். பிப்ரவரி நடுவில் தொடங்கி மூன்று வாரம் இலங்கை மலையகத்தில் தனியாகப் பயணம் செய்யப் போகிறேன். பெண், நாற்பதை நெருங்கும் வயது, நடக்கத் தயங்க மாட்டேன். வாடகைக் கார் வேண்டாம் என்பதில் உறுதி. நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் காங்கேசன்துறை, அங்கிருந்து கண்டி, பிறகு எல்லோரும் சொல்லும் அந்த ரயிலில் எல்ல வரைக்கும் என்று குறித்து வைத்திருக்கிறேன். ரிசர்வேஷன் டிக்கெட் கிடைப்பதே இல்லை என்கிறார்கள். டிக்கெட் இல்லாமல் ஏழு மணி நேரம் நின்றுகொண்டு போக முடியாது. திட்டத்தை மாற்ற வேண்டுமா? எந்தெந்த ஊரில் தங்கலாம்? தனியாக வரும் பெண் பஸ்ஸில் கவனிக்க வேண்டியது என்ன?

அட்டன் சந்தி (ஹட்டன்):

அக்கா, திட்டத்தைத் தலைகீழாகத் திருப்பிப் போடுங்க. ரயில் பாதை முடியும் பதுளைக்குப் பஸ்ஸில் போங்க, திரும்பி வரும்போது ரயில் ஏறுங்க.

காரணம் இதுதான். வெளிநாட்டுப் பயணிகளில் பெரும்பாலானோர் கண்டியிலிருந்து எல்ல நோக்கித்தான் போறாங்க. அந்த ரயில்கள் கொழும்பு கோட்டையிலிருந்து வருவதால் கண்டிக்கு வரும்போதே நிறைஞ்சிருக்கும். உடரட்ட மெனிக்கே என்ற ரயில் கண்டிக்குள் வருவதே இல்லை, பேராதனைச் சந்தியோடு திரும்பிவிடும். பொடி மெனிக்கே என்ற ரயில்தான் கண்டிக்கு வந்து இன்ஜினை மாற்றிக்கொண்டு போகும். பதுளையிலோ ரயில் காலியாகப் புறப்படும். அரை மணி முன்னாடியே ஸ்டேஷனுக்குப் போய் கவுண்டரில் அன்றைய இரண்டாம் வகுப்பு டிக்கெட்டை வாங்கினால் ஜன்னலோர இருக்கை கிடைக்கும். இன்னொரு லாபமும் உண்டு. பதுளை ஸ்டேஷன் சுமார் 650 மீட்டர் உயரத்தில் இருக்கு, பாதையிலேயே உயரமான ஸ்டேஷன் பட்டிப்பொல 1,891 மீட்டர். அவ்வளவு ஏற்றத்தையும் இன்ஜின் மெதுவாகத்தான் இழுக்கும், பார்க்க நேரம் நிறைய.

ரிசர்வேஷன் 30 நாளைக்கு முன்னாடி திறக்கும். பாஸ்போர்ட் விவரம் கேட்பாங்க, பயணத்தன்று அசலைக் கையில் வைத்திருங்க. கிடைத்தால் நல்லது. ஆனால் மொத்தப் பயணத்தையும் அந்த ஒரு டிக்கெட்டில் தொங்கவிடாதீங்க.

நான் சொல்லும் சுற்று: கண்டியிலிருந்து ஹட்டன். ரயில் ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே குட்ஷெட் பஸ் நிலையம். கம்பளை, நாவலப்பிட்டி, கினிகத்தேனை வழியாக மூன்று மணி நேரம். ஹட்டனில் நாலைந்து நாள் தங்குங்க. சிவனொளிபாதமலை யாத்திரை சீசன் டிசம்பர் போயாவில் (பௌர்ணமி) தொடங்கி மே மாத வெசாக் போயா வரை. பிப்ரவரியில் ஹட்டனிலிருந்து மலையடிவாரத்து நல்லதண்ணிக்கு நேர் பஸ் இருக்கும். சீசன் இல்லாத காலத்தில் மஸ்கெலியாவில் மாறணும். மலை 2,243 மீட்டர், படிகள் ஐயாயிரத்துக்கு மேல். சூரியோதயம் பார்க்க நல்லதண்ணியில் இரவு தங்கி இரண்டு மணிக்கு ஏறத் தொடங்கணும். போயா நாளையும் சனி, ஞாயிறையும் கண்டிப்பாகத் தவிருங்க. உச்சிக்குக் கொஞ்சம் கீழே படியிலேயே வரிசை நின்றுவிடும், வியர்த்த உடம்போடு குளிரில் நிற்க வேண்டி வரும். மாற்றுச் சட்டை ஒன்று பையில் இருக்கட்டும்.

ஹட்டனிலிருந்து நுவரெலியா தலவாக்கலை வழியாக இரண்டு மணி நேரப் பஸ். டெவன், சென் கிளேயர் நீர்வீழ்ச்சிகள் இரண்டும் இந்த ரோட்டிலிருந்தே தெரியும். நுவரெலியாவில் இரண்டு இரவு போதும். அங்கிருந்து வெலிமடை வழியாகப் பதுளைக்குப் பஸ். சீதா எலிய அம்மன் கோயில், ஹக்கலை பூங்கா இரண்டும் அதே வழியில்தான். பதுளையில் ஒரு நாள் துன்ஹிந்த நீர்வீழ்ச்சி. அதன் பிறகு ரயில்.

ரயிலையும் ஒரே மூச்சில் முடிக்காதீங்க. பதுளையிலிருந்து எல்ல வரை ஒரு மணி நேரம். தெமோதரையில் பாதை ஸ்டேஷனுக்கு அடியிலேயே சுரங்கத்தில் நுழைந்து, சுற்றிக்கொண்டு மேலே ஸ்டேஷனுக்கு ஏறும், அடுத்து ஒன்பது வளைவுப் பாலம். எல்லயிலிருந்து அப்புத்தளை இன்னொரு ஒரு மணி நேரம். அப்புத்தளையிலிருந்து நானுஓயா ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். இதல்கஸ்ஹின்னயில் ஒரு பக்கம் ஊவாப் பள்ளத்தாக்கு, மறுபக்கம் தெற்குச் சமவெளி. முழுப் பாதையிலும் எனக்கு மிகவும் பிடித்தது இந்தத் துண்டுதான். கடைசியாக நானுஓயா, கண்டி. கொட்டகலைக்கும் ஹட்டனுக்கும் நடுவில் அரைக் கிலோமீட்டருக்கு மேல் நீளமான சிங்கமலைச் சுரங்கம் வரும்.

ஒன்று மட்டும் கேளுங்க அக்கா. கதவில் தொங்கிப் படம் எடுக்க வேண்டாம். பாறைச் சுவரும் சுரங்க வாயும் சிக்னல் கம்பமும் ஒரு சாண் தூரத்தில் வரும். இப்படி விழுந்து செத்தவங்க இருக்காங்க.

ஊவாக்காற்று (பண்டாரவளை):

சுற்று சரி. தங்குமிடத்தில் மட்டும் ஒரு திருத்தம். எல்லயில் படுக்க வேண்டாம், அறை விலையும் கடை விலையும் பயணிகளுக்காகவே வைத்தது. பண்டாரவளையில் தங்கினால் எல்ல அரை மணி நேரப் பஸ் பயணம்தான், காலையில் போய் மாலையில் திரும்பலாம். சந்தை, வங்கி, மருந்துக்கடை எல்லாம் பண்டாரவளையில் கைக்கெட்டும் தூரத்தில். அப்புத்தளையிலும் மூன்று இரவு வைத்துக்கொள்ளுங்கள்.

லிப்டன் சீட் என்ற மலையுச்சிக் காட்சிமுனைக்குப் போக, அப்புத்தளையிலிருந்து தம்பேத்தன்ன தேயிலைத் தொழிற்சாலை வரை பஸ் இருக்கிறது. தொழிற்சாலை 1890இல் லிப்டன் கட்டியது. அங்கிருந்து உச்சி 7 கிலோமீட்டர், தேயிலைக்கு நடுவே தார் ரோடு. காலை ஒன்பது, பத்துக்கு மேல் மூடுபனி ஏறிவிடும், அதற்குப் பிறகு மேலே போய் வெள்ளையைத்தான் பார்ப்பீர்கள். விடியும்போது ஆட்டோவில் மேலே போய்விட்டு, இறக்கத்தை நடந்து வாருங்கள். பஸ்ஸுக்குக் காத்திருந்தால் நேரம் தப்பிவிடும்.

அந்த ரோட்டில் இரு பக்கமும் தோட்டத் தொழிலாளர்களின் லயன் (வரிசை) வீடுகள். அவை மக்கள் குடியிருக்கும் வீடுகள், வாசலில் நின்று படம் எடுக்காதீர்கள். கொழுந்து எடுக்கும் பெண்களைக் கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும். தமிழில் பேசும் உங்களுக்கு அது கஷ்டமே இல்லை. கொழுந்து நிறுக்கும் நேரத்தில் குறுக்கே போகாதீர்கள், அன்றைய சம்பளக் கணக்கு அங்கேதான் நடக்கிறது.

பஸ் பற்றி. பாடசாலை காலை ஏழரைக்குத் தொடங்கி மதியம் ஒன்றரைக்கு விடும். ஆறரை முதல் ஏழரை, ஒன்றரை முதல் இரண்டரை, இந்த இரண்டு வேளையும் பையோடு ஏறவே முடியாது. எட்டரைக்கு மேல் ஏறுங்கள். பை 40 லீட்டருக்கு மேல் வேண்டாம். சிவப்பு இ.போ.ச. (அரசு) பஸ்ஸில் டிரைவருக்குப் பக்கத்தில் வைக்க இடம் கிடைக்கும், பெரிய பெட்டிக்குச் சில தனியார் பஸ்களில் தனிச் சீட்டுக் காசு கேட்பார்கள். முன்னால் முதல் இருக்கை மதகுருமாருக்கு, அதில் உட்கார வேண்டாம். அதற்குப் பின்னால் இரண்டாம், மூன்றாம் வரிசையில் ஜன்னலோரம் உட்காருங்கள், கண்டக்டரின் பார்வையில் இருப்பீர்கள். நெரிசலில் யாராவது உரசினால் உடனே சத்தமாகச் சொல்லுங்கள், பஸ்ஸில் இருப்பவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். தோட்டப் பாதைகளில் கடைசி பஸ் மாலையிலேயே முடிந்துவிடும். போகும்போதே கண்டக்டரிடம் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், இணையத்தில் இருக்கும் நேரங்களை நம்ப வேண்டாம்.

20, 50, 100 ரூபாய்த் தாள்கள் எப்போதும் கையில் வேண்டும்.

வடக்குப்பாதை (யாழ்ப்பாணம்):

கப்பல் பகுதிக்கு மட்டும் என் பதில். கடல் கொந்தளித்தால் நிறுத்திவிடுவார்கள், வாரத்தில் எல்லா நாளும் ஓடுவதும் இல்லை. அதனால் யாழ்ப்பாணத்தில் இரண்டு நாள் இடைவெளி விட்டு மற்றதைத் திட்டமிடுங்கோ. திரும்பும்போதும் அப்படித்தான். ஈடிஏ எண்ட இணையவழிப் பயண அனுமதி கப்பலுக்கும் வேணும், 30 நாள் தருவினம். அரசாங்க இணையத்தளத்தில் மட்டும் எடுங்கோ, அதே மாதிரித் தோற்றத்தில் இடைத்தரகர் தளங்கள் கனக்க இருக்கு.

யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு நேர் பஸ் இருக்கு, ஏ9 வீதியால் வவுனியா, தம்புள்ளை, மாத்தளை. பகல் பஸ்ஸில் வந்து மாத்தளையில் ஒரு இரவு தங்கினால் முத்துமாரியம்மன் கோயிலைப் பார்க்கலாம். ரயிலில் வாறதெண்டால் பொல்காவலைச் சந்தியில் இறங்கி கண்டிப் பக்க ரயிலுக்கு மாற வேணும், கொழும்பு வரைக்கும் போக வேண்டாம். யூபிஐ சில கடைகளில் வேலை செய்யும், பஸ்ஸில் இல்லை. சதுர முள் பிளக் அடாப்டர் ஒன்றும் கொண்டு வாங்கோ.

காவிரிக்கரை:

மூவருக்கும் மிக்க நன்றி. பதுளையிலிருந்து திரும்பும் யோசனை மனதுக்குப் பிடித்துவிட்டது. மண்சரிவால் ரயில் நின்றுவிட்டால் என்ன செய்வது? ஒஹியவில் ஒரு இரவு தங்கவும் ஆசை.

அட்டன் சந்தி (ஹட்டன்):

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் இந்தப் பாதையைப் பல இடத்தில் உடைத்தது, அதன் பிறகு துண்டு துண்டாகத்தான் திறந்தாங்க. ஆகவே முந்தின நாள் மாலை ஸ்டேஷன் மாஸ்டரிடம் நேரில் கேளுங்க, இல்லாட்டி அரசாங்கத் தகவல் நிலையத்தின் 1919க்குப் போன் பண்ணுங்க, தமிழிலும் பதில் சொல்லுவாங்க. மூன்று நாள் விடாமல் மழை பெய்தால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்க. சிவப்பு அறிவிப்பு வந்த பிரதேசத்துக்குப் பஸ்ஸிலும் போகக் கூடாது.

ரயில் நின்றால் பதுளை, பண்டாரவளை, அப்புத்தளைக்கு இடையில் பஸ்ஸுக்குக் குறைவில்லை. அப்புத்தளையிலிருந்து நுவரெலியாவுக்கு வெலிமடையில் மாறணும். நுவரெலியாவிலிருந்து ஹட்டன், கண்டி இரண்டுக்கும் நேர் பஸ். இதல்கஸ்ஹின்ன, ஒஹிய, பட்டிப்பொல பகுதியில் மட்டும் ரயிலுக்குச் சமாந்தரமான பஸ் பாதை கிடையாது. ரயில் ஓடுது என்று உறுதியான பிறகே ஒஹியவில் அறைக்குச் சொல்லுங்க, முன்பணம் கட்ட வேண்டாம். அப்படித் தங்கினால் இரவுக்குக் கம்பளிச் சட்டை தேவை. சாப்பாட்டையும் அறை பேசும்போதே சொல்லி வையுங்க, ஸ்டேஷன் பக்கம் கடைகள் மிகக் குறைவு.