ஜப்பானிய ராணுவ வாள் அசல்தானா? கைப்பிடிக்குள் பார்த்த அனுபவங்கள்

பர்மிங்காமிலிருந்து:

இங்கிலாந்தில் ஜப்பானிய ராணுவ வாள் ஒன்று விற்பனைக்கு வந்தால், அதோடு ஒரு கதையும் சேர்ந்தே வரும். தாத்தா பர்மாவில் போரிட்டார், 1945-இல் சரணடைந்த அதிகாரி ஒருவரிடமிருந்து இதைப் பெற்றார் என்பார்கள். நம்பத்தகுந்த கதைதான். மூத்த ஜப்பானிய அதிகாரிகள் தங்கள் சொந்தப் படையினர் கண்ணெதிரிலேயே வாளை ஒப்படைக்க வேண்டும் என்பதில், பர்மாவில் பிரிட்டிஷ் படைக்குத் தலைமை தாங்கிய ஜெனரல் ஸ்லிம் உறுதியாக நின்றார். அக்காலத்தில் கைமாறிய வாள்கள் இன்றும் இங்கே பல வீடுகளில் இருக்கின்றன. ஆனாலும் அந்தக் கதை வாளுக்குச் சான்று ஆகிவிடாது. சான்று எஃகில் இருக்கிறது. அதிலும் முக்கியமான பகுதி கைப்பிடிக்குள் மறைந்திருக்கிறது.

பழைய ராணுவப் பொருள்கள் விற்கும் சந்தை ஒன்றில் 95-ஆம் வகை வாளை என்னிடம் நீட்டினார்கள். 1935-இல் அறிமுகமான இது அதிகாரிகளுக்கு உரியதன்று. சார்ஜன்ட் போன்ற நிலையினருக்குத் தொழிற்சாலையில் இயந்திரத்தால் செய்து வழங்கப்பட்டது. கைப்பிடி நாடா சுற்றியதுபோலத் தெரிந்தாலும் அது வார்ப்பு உலோகம். தொடக்கத்தில் செம்பிலும் பிறகு அலுமினியத்திலும் வார்த்து வண்ணம் பூசினார்கள். அலகில் கைப்பிடியை ஒட்டி ஒரு வரிசை எண் இருக்கும். அதே எண் உறையின் வாயிலும் இருக்க வேண்டும். என் கையிலிருந்த வாளில் இரண்டு எண்களும் பொருந்தவே செய்தன. ஆனால் இலக்கங்கள் மேலோட்டமாகவும் ஒன்றுக்கொன்று சாய்ந்தும் இருந்தன. அலகின் பக்கவாட்டில் ஓடும் நீள்பள்ளம் முடியும் இடம் அரத்தால் கிளறியதுபோல் கரடுமுரடாக இருந்தது. வண்ணம் உதிர்ந்த இடத்தில் அலுமினியமோ செம்போ தெரியாமல் பித்தளையின் மஞ்சள் தெரிந்தது. இரண்டு மேசை தள்ளி வேறொருவர் வைத்திருந்த வாளிலும் அதே வரிசை எண் இருந்ததைக் கண்டபின் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. இந்த நாட்டில் இது பணத்தோடு முடிகிற விஷயமும் அன்று. 2008 முதல் 50 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள வளைந்த வாள்களை விற்பதற்குத் தடை உண்டு. 1954-க்கு முன் செய்யப்பட்டவற்றுக்கு விலக்கு இருப்பதால், புதிய போலியைப் பழையது என்று விற்பவர் வாங்குபவரைச் சட்டச் சிக்கலிலும் மாட்டிவிடுகிறார்.

அதிகாரிகளின் வாள் வேறு கதை. உடன் பணிபுரியும் நண்பர் ஒருவர் தம் குடும்பத்தில் இருந்த 98-ஆம் வகை வாளைப் பார்த்துச் சொல்லும்படி கேட்டார். கைப்பிடியைக் குறுக்கே துளைத்து நிற்கும் மூங்கில் ஆணியை, அதாவது மெக்குகியை, மெல்லத் தட்டி எடுத்துக் கைப்பிடியை உருவினேன். கைக்காப்பின் இருபுறமும் இருந்த தகடுகள் ஒவ்வொன்றிலும் ஒரே சிறிய எண் பதிந்திருந்தது. இந்தத் துண்டுகள் ஒன்றாகப் பொருத்தப்பட்டவை, பின்னாளில் அங்குமிங்கும் பொறுக்கிச் சேர்த்தவை அல்ல என்று அது காட்டியது. கைப்பிடிக்குள் மறைந்திருக்கும் அலகின் அடிப்பகுதியான நகாகோவில் துரு சீராக, ஆழ்ந்த பழுப்பில் படிந்து, அதனடியில் அரத்தின் சாய்கோடுகள் தெளிவாகத் தெரிந்தன. அமிலம் தடவி முதுமையாக்கிய போலியில் துரு செம்மஞ்சளாகத் திட்டுத் திட்டாக இருக்கும். விரலில் பொடியாக ஒட்டும். கொல்லரின் கையொப்பம் உளியால் வெட்டப்பட்டிருந்ததால், கோடுகளின் ஓரத்தில் எஃகு லேசாக மேலெழுந்து நின்றது. அருகில், வாள் தயாரிப்புக்குப் பெயர்போன ஜப்பானிய நகரமான செக்கியின் சிறிய முத்திரை.

அந்த முத்திரையைப் பார்த்ததும் 'அப்படியானால் இது போலியா?' என்று நண்பரின் முகம் வாடியது. பலர் இங்கேதான் குழம்புகிறார்கள். செக்கி முத்திரை, மரபு முறையில் உருவாகாத போர்க்கால அலகு என்று சொல்கிறதே தவிர, ராணுவ வாள் அன்று என்று சொல்லவில்லை. கலைப்பொருளாக அதற்கு மதிப்புக் குறைவு. வரலாற்றுப் பொருளாக அது முழு உண்மை. மறுபுறம், தம் குடும்பத்துப் பழைய அலகையே ராணுவக் கைப்பிடியிலும் உறையிலும் பொருத்திக்கொண்டு போருக்குப் போன அதிகாரிகளும் இருந்தார்கள். அதனால்தான் சாதாரணத் தோலுறைக்குள் பல நூற்றாண்டு பழைய அலகு கிடைப்பதும் நடக்கிறது. தயவுசெய்து நகாகோவின் துருவைச் சுரண்டாதீர்கள். அலகின் வயதைப் படிக்க இருக்கும் முதன்மையான ஆதாரமே அந்தத் துருதான். ஒருமுறை தேய்த்துவிட்டால் மீளாது.

டோக்கியோவிலிருந்து:

மேலே நண்பர் எழுதியதற்கு நேர்மாறான நிலையை நான் இங்கே சந்தித்தேன். ஜப்பானில் ஒவ்வொரு வாளுக்கும் மாநிலக் கல்வி வாரியம் வழங்கும் பதிவுச் சீட்டு இருக்க வேண்டும்; மரபு முறையில் அடித்த அலகுக்குத்தான் அது கிடைக்கும். 95-ஆம் வகை இயந்திர வாளுக்குக் கிடைக்காது. எனவே, மெருகிடலாம் என்று எண்ணி யாரும் அதை இங்கே அனுப்பிவிடாதீர்கள், பறிமுதல் ஆகிவிடும்.

ஒரு கடையில் ராணுவ உறையோடு இருந்த வாளைப் பார்த்தேன். சீட்டில் எழுதியிருந்த நீளம், வளைவு, ஆணித்துளைகளின் எண்ணிக்கை, கையொப்பம் அனைத்தும் அலகோடு ஒத்துப்போயின. விளக்குக்கு எதிரே சாய்த்தபோது, வெட்டுமுனையைக் கடினப்படுத்துவதால் அலகில் உருவாகும் ஹமோன் என்ற கோடு மூடுபனி போல, எஃகின் உள்ளிருந்து எழுவதாகத் தெரிந்தது. அமிலத்தால் வரைந்த கோடு எந்தக் கோணத்திலும் தட்டையான வெண்மையாகவே நிற்கும். அலகு குறித்து எனக்கு ஐயமே இல்லை. ஆனால் பதிவுச் சீட்டு அலகுக்கு மட்டுமே பேசுகிறது, அதைச் சுற்றியிருக்கும் பொருள்களுக்கு அன்று. தகடுகளில் ஒன்றில் ஓர் எண், மற்றதில் வேறோர் எண். கைக்காப்புக்கும் கைப்பிடிக்கும் நடுவே மெல்லிய இடைவெளி. தொங்கிய குஞ்சமோ பழுப்பும் சிவப்புமானது. அது மேஜர் முதல் கர்னல் வரையிலான அதிகாரிகளுக்கு உரியது. பழுப்பும் நீலமுமான இளநிலை அதிகாரிகளின் குஞ்சத்தை எடுத்துவிட்டு இதைக் கட்டினால் விலை ஏறும். கட்டி அவிழ்க்கக்கூடிய ஒன்றை வைத்து ஒருவரின் பதவியை முடிவு செய்ய முடியாது என்று கடைக்காரரிடம் சொன்னேன். அவர் மறுக்கவில்லை, அலகுக்குத் தனி விலை, மற்றவற்றுக்குத் தனி விலை என்று பிரித்துச் சொன்னார். அலகை மட்டும், வெற்று மர உறையில் வாங்கிக்கொண்டேன்.