ஒகசவாரா தேசியப் பூங்கா: அம்மாவை 24 மணி நேரக் கப்பலில் அழைத்துப் போகலாமா?

கேட்டவர்: யோகோஹாமா_மல்லி

வணக்கம். மார்ச் மாதம் மதுரையிலிருந்து அம்மா வருகிறார். வயது 66. நன்றாக நடப்பார், சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். கியோட்டோ, ஃபூஜி மலை எல்லாம் போன முறையே காட்டிவிட்டேன். இம்முறை ஒகசவாரா தீவுகளுக்குப் போக ஆசை. டோக்கியோவுக்குத் தெற்கே சுமார் 1000 கிலோமீட்டர், விமான நிலையம் இல்லை, கப்பலில்தான் போக வேண்டும் என்பது வரை தெரியும். அம்மா கப்பலைத் தாங்குவாரா? பூங்காவுக்குள் நாங்களாகவே நடக்கலாமா, வழிகாட்டி கட்டாயமா? சிச்சிஜிமா, ஹஹாஜிமா, மினாமிஜிமா என்ற மூன்று தீவுகளையும் ஒரே பயணத்தில் பார்த்துவிட முடியுமா? அம்மா சுத்த சைவம், மீன் சாறு கலந்த சூப் கூட ஆகாது. திமிங்கிலம் பார்த்தே தீர வேண்டும் என்று இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பதில்: நத்தைப்பித்தன்

வணக்கம் மல்லி. மூன்று தீவுகளையும் ஒரே பயணத்தில் அடைக்காதீர்கள். கப்பல் டோக்கியோவின் தக்கேஷிபா துறையிலிருந்து காலை 11 மணிக்குப் புறப்பட்டு, மறுநாள் 11 மணிக்கு சிச்சிஜிமாவின் ஃபுதாமி துறைமுகத்தை அடையும். வழக்கமான வாரங்களில் அங்கேயே நின்று, மூன்று இரவுகள் கழித்து பிற்பகலில் திரும்பும். வந்த நாளில் பாதி போய்விடும், கிளம்பும் நாளில் பெட்டி கட்ட வேண்டும். முழுதாக உங்கள் கையில் இருப்பது இரண்டு நாள். ஹஹாஜிமாவுக்கு வேறு கப்பலில் போக 2 மணி நேரம், வர 2 மணி நேரம். மினாமிஜிமாவுக்குப் படகும் வழிகாட்டியும் வேண்டும், கடலும் மனது வைக்க வேண்டும்.

வழிகாட்டி விஷயம். சாலை, கடற்கரை, காட்சிமேடைகளுக்கு யார் துணையும் தேவையில்லை. காட்டின் காப்புப் பகுதிக்குள் நடக்க உரிமம் பெற்ற வழிகாட்டி வேண்டும். மினாமிஜிமாவில் விதி இன்னும் கடுமை: ஒரு நாளைக்கு 100 பேர், ஒரு வழிகாட்டிக்கு 15 பேர், அதிகபட்சம் 2 மணி நேரம். இறங்குதுறை என்று ஒன்று கிடையாது. படகின் மூக்கைப் பாறையில் முட்டவைத்துப் பிடித்துக்கொள்வார்கள், நாம் தாவி ஏற வேண்டும். அம்மாவின் முழங்காலைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். அங்கே மணலெங்கும் வெள்ளை வெள்ளையாக நத்தை ஓடுகள் கிடக்கும். அந்த நத்தை இனம் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அற்றுப்போய்விட்டது. ஓடு ஒன்றைக் கூட எடுத்து வரக் கூடாது.

சுற்றுலாத் துண்டறிக்கைகள் இந்தத் தீவுகளைக் 'கிழக்கின் கலாபகோஸ்' என்கின்றன. எனக்கு அந்தப் பட்டம் பிடிப்பதில்லை. தென் அமெரிக்காவுக்கு மேற்கே உள்ள கலாபகோஸ் தீவுகளில் பெரிய ஆமை எதிரே வந்து நிற்கும். இங்கே பார்க்க வேண்டியவை பெரும்பாலும் நகத்தளவு. இத்தீவுகள் எந்தக் கண்டத்தோடும் ஒருபோதும் ஒட்டியிருந்ததில்லை. எப்படியோ கடல் தாண்டி வந்து சேர்ந்த சில நத்தைகள் மரத்துக்கு ஒன்று, தரைக்கு ஒன்று எனப் பிரிந்து பெருகின. இயல்பாக வாழும் தரை நத்தைகள் சுமார் நூறு வகை, அவற்றில் பத்தில் ஒன்பதுக்கு மேல் உலகில் வேறெங்கும் இல்லை. 1972-இல் தேசியப் பூங்காவான இடம் 2011-இல் உலக மரபுப் பட்டியலில் ஏறியதில் இந்த நத்தைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் பயணிகள் கேட்பது திமிங்கிலத்தைத்தான்!

காட்டின் வாசலில் காலணி அடியைத் தூரிகையால் தேய்க்கச் சொல்வார்கள், உடையில் ஒட்டிய விதைகளைப் பசை உருளையால் எடுக்கச் சொல்வார்கள், வினிகர் தெளிக்கச் சொல்வார்கள். முகம் சுளிக்கும் பயணிகளைப் பார்த்திருக்கிறேன், கோபம் வரும். சிச்சிஜிமாவில் நியூகினித் தட்டைப்புழு புகுந்து நத்தைகளை ஏறக்குறைய துடைத்துவிட்டது. ஹஹாஜிமாவில் அந்தப் புழு இல்லை. காலணி மண்ணில் ஒட்டிக்கொண்டு போய்விடக் கூடாது என்பதற்காகத்தான், ஹஹாஜிமா கப்பலில் ஏறும்போதும் அடியைக் கடல்நீரில் கழுவ வைக்கிறார்கள். செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போகும் ஊரிலிருந்து வரும் உங்கள் அம்மாவுக்கு இதை விளக்க வேண்டியே இருக்காது.

திமிங்கிலத்துக்கு மார்ச் நல்ல மாதம், கூனல் திமிங்கிலங்கள் குட்டிகளோடு இருக்கும். படகுகள் 100 மீட்டருக்குள் நெருங்குவதில்லை என்று தீவினர் தாங்களே விதி வைத்திருக்கிறார்கள். படகு ஒத்துக்கொள்ளாவிட்டால் மிகாசுகியாமா குன்றின் காட்சிமேடையில் பொறுமையாக உட்காருங்கள். கரையிலிருந்தே நீர்ப்பீச்சு தெரியும்.

பதில்: சைதாமா_தேன்மொழி

மல்லி, ஐயா சொன்னவற்றில் ஒன்றை மட்டும் மறுக்கிறேன். மினாமிஜிமாவை விட்டுவிட்டு ஒரு நாள் ஹஹாஜிமாவுக்குக் கட்டாயம் போங்கள். பாறையில் தாவ வேண்டியதில்லை, கூட்டமும் இல்லை. நத்தைகளையே இவ்வளவு புகழ்கிறவர் அவை மிஞ்சியிருக்கும் தீவுக்குப் போகச் சொல்லாதது எனக்குப் புரியவில்லை!

நான் என் மாமியாரோடு போய்வந்தேன். டோக்கியோ வளைகுடாவைத் தாண்டும் வரை கப்பல் அசைவே தெரியாது, அதன் பிறகுதான் கடல் தன் குணத்தைக் காட்டும். புறப்படும் முன்பே குமட்டல் மாத்திரை கொடுத்துவிடுங்கள். மிக மலிவான வகுப்பில் பொது அறைத் தரையில் பாய்போல் விரித்துப் படுக்க வேண்டும், எழுந்து உட்காரவே சிரமம். அம்மாவுக்குக் கட்டில் உள்ள வகுப்பு எடுங்கள். நடுக்கடலில் கைப்பேசித் தொடர்பை நம்ப முடியாது, ஊரில் இருப்பவர்களிடம் முன்பே சொல்லிவையுங்கள்.

மருந்து முக்கியம். தீவில் சிகிச்சை நிலையம் உண்டு, பெரிய மருத்துவமனை இல்லை. நிலைமை மோசமானால் தற்காப்புப் படையின் விமானத்தில்தான் டோக்கியோவுக்குக் கொண்டுபோவார்கள். வானிலையால் கப்பல் தாமதமாகலாம், எனவே மாத்திரையைக் கூடுதலாக ஒரு வாரத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக்குச் சமையலறையுள்ள அறையாகத் தேடுங்கள். காய்கறியும் பாலும் அதே கப்பலில்தான் வந்து இறங்குகின்றன. கப்பல் வந்த அன்றே கடைக்குப் போங்கள், கிளம்பும் நாளுக்கு முன் அலமாரி காலியாகிவிடும். அரிசி, பருப்பு, சாம்பார்ப் பொடி கையோடு இருக்கட்டும். மண்ணோடு எந்தச் செடியும் வேண்டாம். அம்மா பால்கனியிலுள்ள கறிவேப்பிலைத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வரக்கூடியவர் என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள்.

யோகோஹாமா_மல்லி

நன்றி ஐயா, நன்றி அக்கா. மினாமிஜிமாவைக் கைவிட்டாயிற்று, ஹஹாஜிமா உறுதி. கறிவேப்பிலை பற்றி எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? அம்மாவின் அடுத்த கேள்வி: தீவில் தெருப்பூனைகள் இருக்கின்றனவா? பார்த்த பூனைக்கெல்லாம் பால் ஊற்றுகிறவர் அவர்.

பதில்: நத்தைப்பித்தன்

தேன்மொழியின் குத்தல் நியாயமே. வீட்டு வளர்ப்புப் பூனைகள் உண்டு. காட்டில் திரிந்தவற்றைத்தான் கூண்டு வைத்துப் பிடித்து, நீங்கள் போகும் அதே கப்பலில் டோக்கியோவுக்கு அனுப்புகிறார்கள். அங்கே கால்நடை மருத்துவர்கள் பழக்கி வளர்ப்பவர்களிடம் தருகிறார்கள். இங்கு மட்டுமே உள்ள செந்தலைக் காட்டுப்புறா சில பத்துகளாகக் குறைந்திருந்தது, பூனைகள் அகன்ற பின் கூடியிருக்கிறது. எனவே பால் ஊற்றுவதை யோகோஹாமாவிலேயே முடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இன்னொன்று. தீவுச் சந்தையில் எவ்வளவு அழகாக இருந்தாலும் சர்க்கரைவள்ளிக்கிழங்கைத் திரும்பக் கொண்டுவரக் கூடாது. கூன்வண்டு பரவுமென்று சட்டப்படி தடை. பேஷன் பழம் வாங்கி வரலாம், ஆனால் மார்ச்சில் கிடைப்பது சந்தேகம். முதலில் தங்குமிடத்தை உறுதி செய்யுங்கள், பிறகு கப்பல் டிக்கெட். கூடாரம் போட்டுத் தங்க அங்கே அனுமதி இல்லை.