டர்போ 1.8 பெட்ரோல்: இன்டேக் பக்கம் மூணு விதமான சத்தம், எங்கிருந்து பார்க்க ஆரம்பிக்கணும்?

கேள்வி

வண்டி 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல், மேனுவல் கியர். மாத்தினது எல்லாம்: ஓப்பன் கோன் ஃபில்டர், 76 மிமீ அலுமினிய இன்டேக் பைப், முன்பக்க இன்டர்கூலர் (டர்போவுல இருந்து வர்ற சூடான காற்றை ஆற வைக்கறது), அதுக்கு சிலிக்கான் ஹோஸ், சாதாரண திருகு கிளாம்ப், காலை எடுத்ததும் பைப்புல தேங்குற காற்றை வெளியே விடுற ப்ளோ-ஆஃப் வால்வு. டர்போ மட்டும் ஒரிஜினல். உள்ளே போற காற்றை அளக்குற எம்.ஏ.எஃப். சென்சார் ஃபில்டரை ஒட்டி இருக்கு. ட்யூன் 16 பிஎஸ்ஐ பூஸ்ட் (டர்போ தர்ற காற்றழுத்தம்).

சத்தங்கள்:

ஐடில்ல மெல்லிசா "ஸ்ஸ்ஸ்"னு வருது. ஆக்சிலரேட்டரை லேசா தொட்டாலே போயிடுது.

3,000 ஆர்பிஎம் தாண்டி அழுத்தி மிதிச்சா கூர்மையான விசில். காலை எடுத்த உடனே நிக்குது.

பாதி மிதியில இருந்து காலை எடுத்தா "டு-டு-டு-டு"ன்னு படபடப்பு.

கூடவே கியர் மாத்தும்போது என்ஜின் ஒரு தடவை தடுமாறுது. செக் என்ஜின் லைட் எரியல. டர்போ போயிடுச்சு, மாத்துங்கன்னு சொல்றாங்க. அதுக்கு முன்னாடி எதை எல்லாம் பார்க்கணும்?

பதில் 1

டர்போவை இப்போ கழட்டாதீங்க. நீங்க எழுதினதுலயே பாதி பதில் இருக்கு.

பேரிங் போன டர்போ சைரன் மாதிரி ஊளையிடும். காலை எடுத்தாலும் அந்தச் சத்தம் உடனே நிக்காது. ரோட்டார் வேகம் இறங்க நேரம் எடுக்கும், அதுவரைக்கும் சுருதி படிப்படியா இறங்கிக்கிட்டே வரும். உங்க விசில் காலை எடுத்ததும் வெட்டினாப்ல நிக்குது. அது பிரஷர் இருக்கும்போது மட்டும் கத்துற ஓட்டை, அதாவது பூஸ்ட் லீக். டர்போவுக்கும் த்ராட்டில் பாடிக்கும் (மிதிச்சா திறக்குற காற்று வால்வு) நடுவுல எங்கயோ இருக்கு, இல்லேன்னா சிலிண்டர்களுக்கு காற்றைப் பிரிக்குற இன்டேக் மேனிஃபோல்டோட கேஸ்கெட்டா இருக்கும்.

ஐடில்ல வர்ற "ஸ்ஸ்" இதுக்கு நேர் எதிர். வேக்குவம் அதிகமா இருக்கும்போது வருது, குறைஞ்சா போயிடுது. எங்கயோ காற்று உள்ளே போகுது.

ஓப்பன் ஃபில்டர் போட்டதால பழைய ஏர் பாக்ஸும் ரெசனேட்டரும் இல்ல. டர்போ சுத்துற இயல்பான சத்தம், ஹோஸ் வழியா காற்று இழுக்குற சத்தம் எல்லாம் இப்போ நேரா காதுல விழும். அதைக் கேட்டு பயப்பட வேண்டாம்.

மூணு விவரம் கொடுங்க. ஓபிடி ரீடர்ல (வண்டியோட கம்ப்யூட்டரைப் படிக்குற கருவி) ஐடில்லயும் 2,500 ஆர்பிஎம்லயும் ஃப்யூயல் ட்ரிம், அதாவது ஈ.சி.யு. (என்ஜின் கம்ப்யூட்டர்) பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுது, குறைக்குதுன்னு காட்டுற அளவு, எவ்வளவு? எம்.ஏ.எஃப். இருந்த பழைய குழாயோட உள்விட்டம் என்ன? ப்ளோ-ஆஃப் வால்வோட வேக்குவம் ஹோஸ் எங்கிருந்து எடுத்திருக்கு?

கேட்டவர்

சூடான என்ஜின், ஏசி ஆஃப். ஐடில்ல ஷார்ட் டெர்ம் +6, லாங் டெர்ம் +12. 2,500-ல ரெண்டும் சேர்த்து +3. மேனிஃபோல்ட் வேக்குவம் 17 அங்குலம் (பாதரச அளவு).

பழைய குழாய் 70 மிமீ. ட்யூன் பண்ணும்போது எம்.ஏ.எஃப். அளவு திருத்தியாச்சுன்னு சொன்னாங்க. வால்வோட ஹோஸ், பூஸ்ட் மீட்டர், ஃப்யூயல் பிரஷர் ரெகுலேட்டர் மூணுமே ஒரே லைன்ல டி-ஜாயின்ட் போட்டு எடுத்திருக்கு.

பதில் 1

அளவு திருத்தினது உண்மைதான், உங்க ட்ரிம்மே அதுக்கு சாட்சி. 70-ஐ 76-ஆல வகுத்து வர்க்கம் எடுத்தா ஏறக்குறைய 0.85. குழாய் அகலமானா சென்சார் மேல காற்றோட வேகம் குறையும், திருத்தாம விட்டிருந்தா உள்ளே போற காற்றை சுமார் 15% குறைச்சுக் காட்டும். அப்போ 2,500-லயும் ட்ரிம் +18 பக்கம் நின்னிருக்கும். உங்களுக்கு ஐடில்ல மட்டும் +18, மேலே போனா +3. எப்பவும் ஒரே அளவு காற்றை விடுற சின்ன ஓட்டை ஐடில்ல பெரிசா தெரியும், என்ஜின் நிறைய காற்று குடிக்கும்போது கணக்குல கரைஞ்சிடும். கணக்குல வராத காற்றோட அடையாளமே இதுதான்.

என் சந்தேகம் ப்ளோ-ஆஃப் வால்வு மேல. ஸ்பிரிங் மென்மையா இருந்தா 17 அங்குல வேக்குவம் ஐடில்லயே அதைத் திறந்துடும். ஐடில்ல வால்வோட வாயை உள்ளங்கையால மூடிப் பாருங்க. கை லேசா இழுபட்டு, சத்தம் நின்னு, ஷார்ட் டெர்ம் ட்ரிம் இறங்கினா அதுதான்.

மாறலேன்னா எண்ணெய் மூடியைத் திறந்து பாருங்க. பிசிவி (என்ஜின் அடிப்பகுதி ஆவியை இன்டேக்குக்கு அனுப்புற வால்வு) டயாஃப்ரம் கிழிஞ்சிருந்தா மூடி உறிஞ்சிப் பிடிச்சிருக்கும், திறந்ததும் சத்தம் மாறும். பிரேக் பூஸ்டர் ஹோஸ், இன்ஜெக்டர் ஓ-ரிங் எல்லாம் அப்புறம். தேடுறேன்னு கார்ப் கிளீனர் மட்டும் அடிக்காதீங்க. எக்ஸாஸ்ட் பக்கத்துல தீ பிடிக்கும். புகை மெஷின் கிடைச்சா அதுதான் பாதுகாப்பு.

பதில் 2

விசிலுக்கு பிரஷர் டெஸ்ட் ஒண்ணுதான் வழி. ஓட்டிக்கிட்டே காதால தேடினா கிடைக்காது, என்ஜின் பேக்குள்ள சத்தம் எதிரொலிச்சு இடம் மாத்திக் காட்டும்.

என்ஜின் ஆஃப், ஆறி இருக்கணும். இன்டேக் பைப்பைக் கழட்டி, டர்போ வாயில அளவான மூடி போட்டு டி-போல்ட் கிளாம்ப்ல இறுக்குங்க. மூடியில ஏர் வால்வு, கம்ப்ரசர்ல கட்டாயம் ரெகுலேட்டர். எண்ணெய் மூடியைத் தளர்த்தி வைங்க, கிராங்க்கேஸ்ல பிரஷர் ஏறினா ஆயில் சீல் பிதுங்கும். 5 பிஎஸ்ஐ-ல ஆரம்பிச்சு மெதுவா 15 வரைக்கும். வேகமா ஏத்தினா ப்ளோ-ஆஃப் வால்வோட மேல்பக்கம் பிரஷர் போய்ச் சேர்றதுக்குள்ள வால்வு திறந்துக்கும், அதை லீக்னு தப்பா எடுத்துக்குவீங்க. முகத்தை மூடிக்கு நேரா மட்டும் வைக்காதீங்க, கழண்டா குண்டு மாதிரி வரும்.

சோப்புத் தண்ணியை ஒவ்வொரு ஜாயின்ட்லயும் தெளிங்க. கைக்கு எட்டாத இடத்துக்கு ஒரு மீட்டர் ரப்பர் ஹோஸ் எடுத்து ஒரு முனையைக் காதுல வச்சு மறுமுனையை நகர்த்துங்க.

டிப்ஸ்டிக் வழியாவோ எக்ஸாஸ்ட்லயோ லேசா காற்று வந்தா அது திறந்திருக்குற இன்டேக் வால்வு வழியா போறது. கிராங்க்கை கொஞ்சம் திருப்பினா குறையும். எண்ணெய் மூடி வழியா பலமா அடிச்சா பிசிவி வால்வு பிடிக்கலைன்னு அர்த்தம்.

கேட்டவர்

ரெண்டும் பார்த்தாச்சு. வால்வை கையால மூடினதும் ஐடில் சத்தம் நின்னுது, ஷார்ட் டெர்ம் +6-ல இருந்து −9-க்கு இறங்குச்சு.

பிரஷர் டெஸ்ட்ல 8 பிஎஸ்ஐ வரைக்கும் அமைதி. அதுக்கு மேல இன்டர்கூலர் வெளிவாய் ஹோஸ்ல நுரை கிளம்புது. கழட்டினா பைப் முனை வழுவழுன்னு இருக்கு, விளிம்பே இல்ல. உள்ளே எண்ணெய்ப் படலம். ஹோஸ் உள்பக்கம் கிளாம்ப் பட்டை பட்ட இடத்துல கோடு கோடா வெட்டு.

வால்வுக்கு கடினமான ஸ்பிரிங் போட்டா முடிஞ்சுதா?

பதில் 2

ஹோஸ் கதை தெளிவு. பைப் முனையில உருட்டின விளிம்பு கட்டாயம் வேணும். இல்லாத பைப்புக்கு சுத்திவர மெல்லிசா வெல்டு போட்டு தேய்ச்சு எடுத்தாலும் போதும். ரெண்டு பக்கத்தையும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்ல துடைச்சு எண்ணெய் இல்லாம ஆக்குங்க. வெட்டுப்பட்ட ஹோஸை மாத்திடுங்க. பைப் குறைஞ்சது 35 மிமீ உள்ளே போகணும். டி-போல்ட் கிளாம்ப் விளிம்புக்குப் பின்னாடி சில மிமீ தள்ளி உட்காரணும், விளிம்பு மேலேயே உட்கார்ந்தா பிடிக்காது. திருகு கிளாம்ப்ல இருக்குற துளைகள்தான் சிலிக்கானை வெட்டியிருக்கு. ஒரு தடவை சூடாகி ஆறினதும் மறுபடி இறுக்கிப் பாருங்க.

பதில் 1

ஸ்பிரிங்கை மட்டும் மாத்தினா ஒரு சத்தத்தை அடைச்சு இன்னொண்ணை வளர்ப்பீங்க. கடினமானா ஐடில்ல மூடும், ஆனா பாதி மிதியில திறக்கறதுக்கு வேக்குவம் பத்தாது. அப்போ த்ராட்டில் மூடினதும் காற்று போக வழியில்லாம கம்ப்ரசர் பக்கமே திரும்பி மோதும். உங்க படபடப்பு அதுதான், சர்ஜ். குறைஞ்ச பூஸ்ட்ல எப்பவாவது வந்தா பெரிய சேதம் இல்ல. அதிக பூஸ்ட்ல தொடர்ந்து வந்தா டர்போவோட த்ரஸ்ட் பேரிங் தேயும்.

எம்.ஏ.எஃப். வண்டிக்கு காற்றை வெளியே விடுற வால்வே பொருத்தமில்ல. கணக்குல வந்த காற்றை வெளியே கொட்டுறீங்க, ஈ.சி.யு. அது உள்ளே இருக்குன்னு நம்பி பெட்ரோல் ஊத்துது. கியர் மாத்தும்போது வர்ற தடுமாற்றம் அதனாலதான். ஐடில்ல இன்னும் மோசம்: திறந்த வால்வு ஃபில்டர் இல்லாத காற்றை, தூசியோட, நேரா சிலிண்டருக்கு அனுப்புது.

காற்றைத் திருப்பி விடுற வகை வால்வு போடுங்க. வெளிவாயை எம்.ஏ.எஃப்-க்கும் டர்போவுக்கும் நடுவுல சேருங்க. அப்புறம் ஐடில்ல வால்வு லேசா திறந்திருந்தாலும் பரவாயில்ல, சுத்துற காற்று ஏற்கனவே கணக்குல வந்தது. மென்மையான ஸ்பிரிங்கே வைக்கலாம், படபடப்பும் குறையும். வேக்குவம் ஹோஸை டி-ஜாயின்ட்ல இருந்து பிரிச்சு மேனிஃபோல்ட்ல இருந்து தனியா, குட்டையா எடுங்க. மூணு பேருக்குப் பங்கு போட்ட லைன்ல வால்வு தாமதமாத்தான் திறக்கும்.

கேட்டவர்

பைப்புக்கு விளிம்பு போட்டாச்சு, ஹோஸ், கிளாம்ப், வால்வு, தனி லைன் எல்லாம் மாத்தியாச்சு. 15 பிஎஸ்ஐ-ல நுரை இல்ல. ஐடில் ட்ரிம் மொத்தம் +2. விசிலும் தடுமாற்றமும் போச்சு. முழு மிதியில இருந்து காலை எடுத்தா சுத்தமா ஒரே "ப்ஷ்". ரொம்ப குறைஞ்ச மிதியில மட்டும் எப்பவாவது ரெண்டு தட்டு கேக்குது.

பதில் 2

அந்த ரெண்டு தட்டை விட்டுடுங்க. ஆனா மிதிச்சுக்கிட்டு இருக்கும்போதே, குறைஞ்ச ஆர்பிஎம்ல பெரிய கியர்ல படபடப்பு வந்தா அது வேற, ட்யூன்ல அங்க பூஸ்டைக் குறைக்கணும்.

முக்கியமான வேலை ஒண்ணு பாக்கி. லீக் இருந்த வரைக்கும் ஈ.சி.யு. 16-ஐ எட்ட வேஸ்ட்கேட்டை (எக்ஸாஸ்டை டர்போவுக்குப் போகாம திருப்பி விட்டு பூஸ்டைக் கட்டுப்படுத்துற வால்வு) அதிகமா மூடி வச்சிருந்திருக்கும். இப்போ லீக் இல்ல, அதே கட்டளையில பூஸ்ட் 16-ஐத் தாண்டி எகிறலாம். முழு மிதி போடுறதுக்கு முன்னாடி மூணாவது கியர்ல பாதி மிதியில பூஸ்ட், நாக் (என்ஜின் தட்டல்), ஏர்-ஃப்யூயல் விகிதம் மூணையும் லாக் (பதிவு) எடுங்க. தாண்டுச்சுன்னா அந்த லாகை ட்யூனருக்கு அனுப்பி வேஸ்ட்கேட் அளவைத் திருத்தச் சொல்லுங்க.