உள்ளே கரித்துக் கொட்டும் குரல்: எது வேலை செய்கிறது, எங்கே சொதப்புகிறது

மணல்கடிகாரம்

இந்த இழையில் சொந்தக் கதை வேண்டாம். தன்னையே வைதுகொள்ளும் பழக்கத்தோடு வருகிறவர்களை அன்றாடம் பார்க்கிறவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள். எந்த முறை, எத்தனை நிமிடம், எங்கே கெடுகிறது என்று மட்டும் எழுதினால் புதிதாக வருகிறவர்களுக்கு உதவும். நானே ஆரம்பிக்கிறேன்.

குறிப்பெடுக்கச் சொன்னால் பத்தில் எட்டுப் பேர் "மனசு சரியில்லை", "ஒரு மாதிரி இருந்தது" என்றுதான் எழுதி வருவார்கள். அது உணர்ச்சி. நமக்கு வேண்டியது மனசு சொன்ன வாக்கியம். அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960களில் மனச்சோர்வோடு வந்தவர்களிடம் கவனித்தது இதைத்தான்: வாய் ஒன்று பேசிக்கொண்டிருக்க, அடியில் இன்னொரு பேச்சு ஓடுகிறது; சட்டென வந்து மறைகிறது; அவர்களே அதைக் கவனிப்பதில்லை. தானியங்கி எண்ணங்கள் என்று அதற்குப் பெயர் வைத்தார். தந்தி மாதிரி வரும். "போச்சு." "மறுபடியுமா?" "நீயெல்லாம்..."

பிடிக்க வேண்டிய நேரம், முகம் சுருங்கிய அந்த நொடி. பத்து நிமிடத்துக்குள் போனிலாவது குறித்துவிடுங்கள். இரவு உட்கார்ந்து எழுதினால் வசவு குளித்து முழுகி நல்ல சட்டை போட்டுக்கொண்டு வரும்: "இன்னும் கொஞ்சம் தயாராகியிருக்கலாம் என்று நினைத்தேன்." உள்ளே ஓடியது அதுவா? கெட்ட வார்த்தையாக இருந்தாலும் அந்த மூல வாக்கியத்தையே எழுத வேண்டும்.

கேள்வியாக வந்தால் கூற்றாக மாற்றிக்கொள்ளுங்கள். "எனக்கு மட்டும் ஏன் இப்படி?" என்பதைச் சோதிக்க வழியில்லை. அதற்கு அடியில் "என்னிடம்தான் ஏதோ கோளாறு" என்று ஒன்று இருக்கும். அதைச் சோதிக்கலாம்.

பென்சில் சீவி

வாக்கியம் கையில் கிடைத்த பிறகு ஏழு கட்டம். காகிதத்தைக் குறுக்காக வைத்துக் கோடு போடுங்கள்: சூழல், உணர்ச்சி, எண்ணம், அதற்குச் சாதகமான ஆதாரம், எதிரான ஆதாரம், நிதானமான வாக்கியம், மறுபடி உணர்ச்சி. உணர்ச்சிக்கு 0 முதல் 100 வரை மதிப்பெண்.

ஒரு மாதிரி: திங்கள் காலை, அனுப்பிய அறிக்கையில் கூட்டல் பிழை, மேலாளர் சுட்டிக்காட்டினார். வெட்கம் 85, பயம் 60. எண்ணம்: "எதையுமே உருப்படியாச் செய்யத் தெரியாது." சாதகக் கட்டத்தில் கேமராவில் பதிவாகக்கூடியது மட்டும் வர வேண்டும். "மூன்றாம் பக்கக் கூட்டல் தப்பு" வரலாம். "எல்லாரும் கேவலமா நினைச்சாங்க" வரக் கூடாது; அது இன்னொரு எண்ணம். எதிர்க் கட்டம்: மற்ற பக்கங்கள் சரி, போன மூன்று அறிக்கைகளில் திருத்தம் வரவில்லை, மேலாளர் அடுத்த வேலையையும் இவரிடமே தந்திருக்கிறார்.

நிதானமான வாக்கியம்: "ஒரு கூட்டலில் தப்பு விட்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. திருத்தி அனுப்ப இருபது நிமிடம் ஆகும்." வெட்கம் 85லிருந்து 55க்கு இறங்கினால் போதும், முறை வேலை செய்கிறது. பூஜ்யத்துக்கு வர வேண்டும் என்று எதிர்பார்க்கிறவர்கள்தான் இரண்டாம் நாளே நோட்டைத் தூக்கி எறிகிறார்கள்.

இறங்கவே இல்லையா? பெரும்பாலும் தப்பான வாக்கியத்தைப் பிடித்திருப்பீர்கள். மூன்று நான்கு எண்ணங்கள் ஒன்றாக வரும். சொல்லும்போது தொண்டை அடைப்பது எதுவோ அதுதான் ஆள். அது இல்லையென்றால், ஆறாம் கட்டத்தில் நிதானத்துக்குப் பதில் புகழ்ச்சியை எழுதியிருப்பீர்கள். அதுவும் இல்லையென்றால் வேர் ஆழமாக இருக்கிறது. "அது உண்மையென்றே வைத்துக்கொண்டாலும், அதனால் என்ன?" என்று நான்கைந்து தடவை கீழே கேட்டுக்கொண்டு போனால் "நான் வேண்டாதவள்" என்பது மாதிரி ஒன்றில் போய் நிற்கும். ஒரு நாள் அட்டவணையில் அது கரையாது, மாதக்கணக்கில் வேலை.

ஒரு நாளைக்கு ஒன்று, பதினைந்து நிமிடம். அதற்கு மேல் போனால் எழுதுவதே அசைபோடுவதாகிவிடும்.

ஒற்றெழுத்து

தமிழில் வைதுகொள்கிறவர்களுக்கு ஒரு குறுக்குவழி. வாக்கியத்தில் 'உம்'முக்குப் பின்னால் வரும் ஏகாரத்தைத் தேடுங்கள். எதையுமே, எப்பவுமே, யாருமே, ஒருத்தருக்குமே. ஒரு நாள் நடந்ததை ஆயுள் முழுக்க நீட்டுவது அந்த ஒற்றை எழுத்துதான். "யாருமே கூப்பிடலை" என்பதை "இந்த வாரம் இரண்டு பேர் கூப்பிடலை" என்று எண்ணிக்கையாக மாற்றி, சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். வருத்தம் இருக்கும். இருட்டிக்கொண்டு வராது.

இன்னொன்று, பெயர்ச்சொல். "முட்டாள்" என்பது ஆளின் மேல் ஒட்டிய முத்திரை. "முட்டாள்தனமா ஒரு காரியம் செஞ்சேன்" என்பது ஒரு நாள் விவகாரம். வினைச்சொல்லுக்கு காலம் உண்டு, முடிவும் உண்டு.

வெள்ளைக்கரடி

'கண்ணாடி முன் நின்று நான் அருமையானவன் என்று நூறு தடவை சொல்' என்கிற ஆலோசனையை யாராவது நிறுத்த வேண்டும். 2009இல் ஜோன் வுட் குழுவினர் சோதித்துப் பார்த்தார்கள். "நான் நேசிக்கத் தக்கவன்" என்ற வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னதில், ஏற்கெனவே தன்மதிப்பு உள்ளவர்களுக்குச் சற்றே நன்மை. தன்மதிப்பு குறைந்தவர்களுக்கு இருந்ததும் மோசமாயிற்று. காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். நம்பாத ஒன்றைச் சொன்னால் உள்ளே இருப்பவர் சும்மா இருப்பாரா? "அப்படியா? போன வாரம் என்ன நடந்தது?" என்று பட்டியல் எடுத்துவிடுவார்.

அடக்கிப் பார்ப்பதும் இதே ரகம். 1987இல் உளவியலாளர் டேனியல் வெக்னர், ஆய்வுக்கு வந்தவர்களிடம் வெள்ளைக் கரடியை ஐந்து நிமிடம் நினைக்காதீர்கள் என்றார். நினைவு வந்தால் மணி அடிக்க வேண்டும். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு தாராளமாக நினைக்கலாம் என்று விட்டபோது, முதலிலேயே நினைக்க அனுமதிக்கப்பட்டவர்களைவிட இவர்களுக்குக் கரடி அதிகம் வந்தது. கையில் ரப்பர் பேண்டு மாட்டிச் சுண்டிவிடும் பழக்கத்தை நான் யாருக்கும் சொல்வதில்லை. திட்டுக்குத் தண்டனையும் சேர்கிறது, வேறென்ன.

மூன்றாம் வரிசை

வெள்ளைக்கரடி சொல்வது சரி. ஆனால் பென்சில் சீவியின் அட்டவணையும் எல்லாருக்கும் ஒத்துவராது. வாதத்தில் கெட்டிக்காரர்கள் எதிர்க் கட்டத்தையும் தாங்களே உடைத்துவிடுவார்கள். அவர்களுக்கு வாக்குவாதத்தைவிட விலகி நிற்பது நல்லது.

வாக்கியத்தை மாற்ற வேண்டாம். முடிவில் ஒட்டுப் போடுங்கள். "நான் எதுக்கும் லாயக்கில்லை" என்பது "நான் எதுக்கும் லாயக்கில்லைன்னு மனசு சொல்லுது" ஆகட்டும். அதையும் "சொல்லுதுன்னு கவனிக்கிறேன்" என்று இன்னொரு படி நீட்டலாம். ஒவ்வொரு படிக்கும் ஒரு மூச்சு.

ஒரே சொல் குத்துகிறது என்றால், அதை வேகமாக, சத்தமாக 30 விநாடி சொல்லுங்கள். "தண்டம் தண்டம் தண்டம்..." பாதியில் அர்த்தம் கழன்று வெறும் சத்தமாகிவிடும். நூறு வருடத்துக்கு முன்பே உளவியலாளர் டிட்ச்னர் எழுதி வைத்த விஷயம். முணுமுணுத்தால் வேலை செய்யாது, மெதுவாகச் சொன்னாலும் செய்யாது. துக்கத்தில் இருக்கிறவர்களிடம் இதைக் கொண்டு போகாதீர்கள். கேலி செய்வது போல ஆகிவிடும்.

பதற்றமான காரியத்துக்கு முன் இன்னொன்று. 'நான்' என்பதை விட்டுவிட்டுத் தன் பெயரைச் சொல்லிப் பேசுவது. ஈதன் கிராஸ் குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வுகளில் அப்படிப் பேசியவர்கள் மேடைப்பேச்சு நெருக்கடியை நிதானமாகக் கையாண்டார்கள். தமிழில் நமக்குக் கூடுதல் வசதி: பெயரோடு 'நீங்க' போடுங்கள். "சரி, இப்ப நீங்க முதல்ல எதைச் செய்யப் போறீங்க?" 'நீங்க' போட்டுக்கொண்டு ஒருவரைக் கரித்துக் கொட்டுவது கஷ்டம். 'நீ' போட்டால் பழைய அதட்டல் வழுக்கிக்கொண்டு உள்ளே வந்துவிடும்.

அரைத்தூக்கம்

ராத்திரி பிரச்சினையை யாரும் சொல்லவில்லையே. படுத்ததும் தன் மேல் தானே வழக்கு நடத்துகிறவர்களுக்கு: போர்கோவெக் குழுவினர் 1983இல் சோதித்த முறை ஒன்று உண்டு. கவலைக்கென்று தினமும் ஒரே நேரம், ஒரே இடம், அரை மணி. மற்ற நேரம் வந்தால் இரண்டு சொல்லில் குறித்து "அப்போது பார்க்கலாம்" என்று தள்ளிப்போடுவது. இடம் கட்டிலாக இருக்கக் கூடாது, படுக்கப்போகும் நேரமும் வேண்டாம். அந்த அரை மணியில் "ஏன்" என்று ஆரம்பிக்கும் கேள்வி சுற்றிச் சுற்றி வரும். "அடுத்து எதை, எப்போது" என்று கேட்டால் நகரும். பலர் குறித்ததோடு விட்டுவிட்டு, குறித்த நேரத்தில் உட்கார மறந்துபோகிறார்கள். மூன்று நாள் அப்படி ஏமாற்றினால் மனசு அடுத்த தடவை தள்ளிப்போட ஒப்புக்கொள்ளாது.

பென்சில் சீவி

@மூன்றாம் வரிசை, ஒப்புக்கொள்கிறேன். வாதக்காரர்களுக்கு அட்டவணையைவிடச் சின்னச் சோதனை மேல். "கேள்வி கேட்டால் சிரிப்பார்கள்" என்று தோன்றினால், எத்தனை பேர் சிரிப்பார்கள் என்று எண்ணை முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டு, போய் ஒரு கேள்வி கேட்டுவிட்டு வந்து எண்ணிப் பார்ப்பது. முன்கூட்டியே எழுதாவிட்டால் பயனில்லை, மனசு விடைத்தாளைத் திருத்திவிடும்.

எண்ணம் உண்மையாகவே இருந்தால்? கடன் கட்டவில்லை என்றால் கட்டவில்லைதான். அங்கே அட்டவணை வேண்டாம், தவணை போடும் வேலை.

மணல்கடிகாரம்

சில எல்லைகளையும் சொல்லிவிடுகிறேன். எண்ணச்சுழல் நோய் (OCD) உள்ளவர்களுக்கு ஆதாரம் தேடுவதே இன்னொரு சடங்காகிவிடும். அவர்களுக்கு வேறு சிகிச்சை. இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்கள் சோர்வு, எதிலும் ஈடுபாடு இல்லை, தூக்கமும் பசியும் மாறிவிட்டன என்றால் நோட்டோடு நிற்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். குரல் வெளியிலிருந்து காதில் கேட்பது போல இருந்தாலும் அப்படியே. செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் அன்றே, தனியாக இருக்காமல், யாரையாவது கூட்டிக்கொண்டு.

புதுநோட்டு

இந்த வசவு எத்தனை நாளில் நிற்கும்? நாலு நாளா எண்ணிக் குறிக்கிறேன், முதல் நாள் 6, இன்னைக்கு 19. கூடிக்கிட்டே போகுதே.

பென்சில் சீவி

கூடத்தான் செய்யும், இப்போதுதானே காது கொடுக்கிறீர்கள். எண்ணிக்கையை விடுங்கள். வசவு வந்த நேரம், மறுபடி கைவேலைக்குத் திரும்பிய நேரம், இரண்டையும் குறியுங்கள். நான்கு வாரம் கழித்து அந்த இடைவெளியை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.