ஜப்பானுக்குப் புதிதாக வந்தவர்கள் முதலில் கற்க வேண்டிய வலிச் சொற்கள்

வாடகை வீடு, வங்கிக் கணக்கு பற்றியெல்லாம் பலர் இங்கே எழுதிவிட்டதால், மொழி வகுப்பில் எனக்கு யாரும் சொல்லித் தராத ஒன்றைப் பற்றி எழுதுகிறேன்.

வந்த இரண்டாம் மாதம் காய்ச்சலும் தலைவலியுமாக ஒரு சிறிய மருத்துவமனைக்குப் போனேன். தலை வலிக்கிறது என்று ஜப்பானிய மொழியில் சொல்லிவிட்டேன், ஆனால் மருத்துவர், "ஸுகிஸுகியா, கன்கன்னா?" என்று கேட்டபோது விழித்தேன். அவர் பொறுமையாக, மேசையை விரல் நுனியால் விட்டுவிட்டுத் தட்டி முதலாவதையும், கையை மடக்கி ஓங்கிக் குத்தி இரண்டாவதையும் விளக்கினார். நாடித் துடிப்போடு விண் விண்ணென்று தெறித்தால் ஸுகிஸுகி. மண்டைக்குள் சம்மட்டி அடிப்பது போலிருந்தால் கன்கன். வயிற்றில் சுருக் சுருக்கென்று குத்தினால் கிரிகிரி, மந்தமாக விடாமல் வலித்தால் ஷிகுஷிகு, வெயில் பட்ட தோல் எரிந்தால் ஹிரிஹிரி. இந்த ஐந்தையும் முதல் வாரமே மனப்பாடம் செய்துவிடுங்கள்.

இது நமக்குப் புதிதன்று. தொல்காப்பியம் இலக்கணம் சொன்ன இரட்டைக்கிளவி நம் வாயில் அன்றாடம் புழங்குகிறது. நட்சத்திரம் மினுமினுவென்று ஒளிர்கிறது என்பதை இங்கே ‘கிராகிரா தொ’ ஒளிர்கிறது என்பார்கள். அந்தத் ‘தொ’, ஒருவர் சொன்னதை எடுத்துச் சொல்லும்போதும் வருவது, அப்படியே நம் ‘என்று’தான். இதைக் கண்டுகொண்ட நாளில் எனக்கு உண்டான மகிழ்ச்சி கொஞ்சமன்று.

ஓர் எச்சரிக்கை மட்டும்: இச்சொற்களைத் தமிழெழுத்தில் குறித்து வைக்காதீர்கள். ‘கொரொகொரொ’ என்பதில் வரும் இரண்டு ககரங்களையும் ‘கண்’ணின் முதலொலி போல வல்லோசையாக உச்சரித்தால் கூழாங்கல் உருள்கிறது, ‘கங்கை’யின் முதலொலி போல உச்சரித்தால் பாறை உருள்கிறது, இடி உறுமுகிறது, வயிறு கடமுடவென்கிறது, விடுமுறையில் ஒருவர் வேலையின்றிப் படுத்துப் புரள்கிறார். நம் எழுத்தில் இரண்டும் ஒன்றே. அவர்கள் எழுத்திலோ ‘கங்கை’யின் ஒலிக்கு மட்டும் வலது மேல்மூலையில் இடும் இரு சிறு கோடுகள் இவற்றைப் பிரித்துக் காட்டுகின்றன. கண்ணில் மணல் விழுந்தது போல உறுத்தினால் கண் மருத்துவரிடம் சொல்ல வேண்டியதும் அந்தக் கோடுகள் உள்ள சொல்லையே.